இதர செலவுகள்

தணிக்கைக்கு வந்த மேடம்
பேனா முனையை ஒரே வரியில் நிறுத்துகிறார்.
இதர: ரூபாய் எழுநூற்று நாற்பது.
"இதரன்னா என்னம்மா?"

நான் பொருளாளர்.
கல்லூரிக்கு நாங்கள் மகளிர் மன்றம்.
எங்களுக்கு அது மூணாம் மாடி,
தண்ணீர் ஏறாத மாடி.
பக்கெட் வரிசையில் சண்டை போட்டவர்கள்தான்
பாதிக்கு மேல் உறுப்பினர்கள்.

மற்றதற்கெல்லாம் ரசீது இருக்கிறது, மேடம்.
ஜூலையில் ரத்ததான முகாம்: பேனர், ஜூஸ், பிஸ்கட்.
கை நீட்டியவர்கள் அறுபத்திரண்டு.
எடுத்துக்கொண்டது பத்தொன்பது பேரிடம்.
மீதிப் பேருக்கு இருப்பது அவர்களுக்கே பத்தாது என்று
நர்ஸ் சிரிக்காமல் சொன்னார்.
மறுவாரமே பேரீச்சம்பழச் சந்தா தொடங்கினோம்;
ஒன்பதாம் பக்கம் பாருங்கள்.

மூக்கனேரிக் கரையைக் கூட்டியதற்குக் கையுறை,
செவ்வாய்ப்பேட்டைக் கடை பில்.
கிடைத்தவை: பிள்ளையார் தும்பிக்கை இரண்டு,
ஜோடி சேராத செருப்புகள்.

கல்லூரி நாளில் தட்டுவடை செட் கடை.
பீட்ரூட் துருவித் துருவி
ஆயிஷா சித்திகாவின் விரல்கள் மூன்று நாள் சிவந்திருந்தன.
மருதாணியா, யாருக்கு நிச்சயம் என்றார் வார்டன்.

அக்டோபரில் ஒரு குக்கர். ஐந்து லிட்டர்.
ஜெயசித்ராவின் கல்யாணத்துக்கு.
மூன்றாம் செமஸ்டர் நடுவில்
பாதி எழுதிய விடைத்தாளை மடித்துவிட்டதுபோல்
எழுந்து போனாள்.
ஓமலூர் மண்டபத்தில் வரிசையாய் நின்று
போட்டோ எடுத்துக்கொண்டோம்.
எல்லோரும் சிரித்திருக்கிறோம்.
ரசீது ஒட்டியிருக்கிறது, கடை முத்திரையோடு.
அந்த வரியை நீங்கள் டிக் அடித்துக் கடந்துவிட்டீர்கள்.

பொங்கல் லீவு முடிந்தும் குணவதி வரவில்லை.
காப்பிப் பழம் பறிக்க மலைக்குப் போனவள்.
போனை அண்ணன் எடுத்தார்.
"படிச்ச வரைக்கும் போதும்."
அன்றிரவு கூட்டத்தில் தீர்மானம் எதுவும் எழுதவில்லை.
வெகுநேரம் கழித்து எஸ்தர் சொன்னாள்:
"இன்னொரு குக்கர் வாங்க என்னால ஆகாது."

ஞாயிறு, முதல் பஸ். வெளியே போகும் நோட்டில்
கோட்டை மாரியம்மன் கோயில், பதினொரு பேர்
என்று எழுதி, எஸ்தரும் ஆயிஷாவும்கூடக்
கையெழுத்துப் போட்டார்கள்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
நாலாவதில் மோனிஷா, என் ஸ்வெட்டர் மேல்.
ஏழாவதில் நான்.
துவைத்துத் தருகிறேன் என்றவள் இன்னும் தரவில்லை;
நாங்கள் இப்போதும் முழுசாய்ப் பேசிக்கொள்வதில்லை.

நாகலூர் தாண்டி நடந்தோம்.
பேச்சு தயாரித்திருந்தோம், பேசவில்லை.
அப்பா செடிகளுக்கு நடுவே நின்றார், கூடை கிடந்தது,
சாயங்காலம் வரை பறித்தோம்.
பச்சைக்காயையும் சேர்த்து உருவியதற்கு
குணவதியின் அம்மாவிடம் திட்டு,
பிறகு சாமைச் சோறு, அவரைக் குழம்பு.
அவர் வாயே திறக்கவில்லை.
கடைசி பஸ்ஸுக்கு டார்ச் அடித்தபடி கூட வந்தவர்
நாங்கள் படியில் கால் வைக்கும்போது கேட்டார்,
"பரீட்சை எப்போ?"
யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை.
பதினொரு பேரும் தேதி சொன்னோம்.

மேடம் பேனாவை இன்னும் எடுக்கவில்லை.
வாசலில் குணவதி காத்திருக்கிறாள்,
அடுத்த ஆண்டுப் பொருளாளர்,
நோட்டை வாங்கிக்கொண்டு போக.

"எலுமிச்சம்பழம், மேடம். மாரியம்மனுக்கு."
"எழுநூத்தி நாப்பது ரூபாய்க்கா?"
"பெரிய வேண்டுதல், மேடம்."